ஏணியில் நின்றவர் எந்த அணி?

உடற்கல்வி ரீச்சரின் முதல் வேலை விசில் ஊதுவதல்ல, தலை எண்ணுவது. எண்ணிக்கை ஒற்றையாக வந்தால் ஒரு பிள்ளை சோடியில்லாமல் மிஞ்சும். அந்தப் பிள்ளைக்குச் சோடி நான்தான். இருபத்தாறு வருஷமாக டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் இதே பிழைப்பு. கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு திரிகிற சக ரீச்சர்மார் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மணி அடித்ததும் சோடி ஓடிவிடும், ரீச்சர் தனியே நின்று பந்து பொறுக்குவார் என்பதும் தெரிந்திருக்கும். வீட்டிலும் இப்போது அதே கதைதான். கணவர் காலமாகி மூன்று வருஷம். மகள் அபி தலைநகர்ப் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் வேலையோடு இருக்கிறாள்.

பந்தோடு நின்றது

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு நான் சென்ரர், நடுக்களத்தில் நிற்பவள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஓடக்கூடாது, நிலத்தில் தட்டிக்கொண்டு போகக்கூடாது; நின்ற இடத்தில் நின்று அடுத்தவளுக்கு எறிய வேண்டும். டென்மார்க்கில் அந்த விளையாட்டைத் தெரிந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. இங்கே ஆசிரியப் பயிற்சிக்குப் போன முதல் வாரம் கூடைப்பந்து. பந்து கைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நான் தட்டிக்கொண்டு வருவேன் என்று நினைத்து, என் அணியில் எல்லாரும் மறு பக்கத்துக்கு ஓடிப்போனார்கள். எறிவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

மொழியும் அரைகுறையாக இருந்த காலம். பந்தைக் கட்டிப்பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்துப் பயிற்சியாளர் தூரத்தில் இருந்து கேட்டார். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

"வாசுகி, நீ யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?"

ஏணிக்காரர்

பிறகு நானே படிப்பிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அன்று பிழைவிட்டது நான் இல்லை என்று. ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்க உடற்கல்வியின் கதையைச் சொல்லுவேன். ஜெர்மன்காரரிடமும் சுவீடன்காரரிடமும் பழகிய உடற்பயிற்சியைத்தான் ஆரம்பத்தில் அவர்கள் செய்தார்கள். வரிசையில் நின்று கையை உயர்த்து, இறக்கு. குளிர்காலத்தில் உள்ளே அடைபட்ட இளைஞர்களுக்கு அது அலுத்துப்போனது. அவர்களை அடக்கமாட்டாத ஓர் ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை மேல்மாடிக் கைப்பிடியில் அறைந்து ஒரு விளையாட்டு உண்டாக்கினார். அந்த முதல் விதிகளில் பந்தோடு ஓடக்கூடாது. பிடித்த இடத்தில் இருந்துதான் எறிய வேண்டும். அது இங்கிலாந்து வழியாக எங்கள் ஊருக்கு வலைப்பந்தாக வந்து சேர்ந்தபோதும் அந்த விதி மாறவில்லை.

முதலில் கூடைக்கு அடி வெட்டவில்லை. ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் ஒருவர் ஏணியில் ஏறி எடுத்துப் போட வேண்டும். இதைச் சொன்னால் வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன். போன வருஷம் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் கையை உயர்த்தினாள்.

"அப்போ ஏணியில் நின்றவர் எந்த அணி?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒரு மணித்தியாலம்

தனிமை தாங்காமல்தான் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, விண்ணப்பம் போட்டேன். தமிழ்ப் பெண்களுக்கு வலைப்பந்து, ஞாயிறு காலை பதினொரு மணி, நகர விளையாட்டு மண்டபம். தந்தார்கள். ஆனால் ஒருவருக்காக மட்டும் மண்டபம் திறப்பதில்லை. ஒரு மாதத்தில் ஆள் சேராவிட்டால் அந்த நேரம் பட்மின்டன் கழகத்துக்குப் போய்விடும். வாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே மணித்தியாலம் அது. போகவிட மனமில்லை.

ஸ்கீவயில் மிச்சமிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஒரு பிறந்தநாளுக்குக் கூடின இடத்தில் கதையை எடுத்தேன். அமெரிக்காவில் பெண்கள் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று களத்தைக் கோடு போட்டுப் பிரித்து, அவரவர் பகுதிக்குள்ளேயே நிற்கவைத்தார்கள் என்றேன். நல்லாய்ச் சிரித்தார்கள். ஞாயிறு விளையாட வாங்கோ என்றதும் ஆறு பேர் கட்டாயம் வாறம் என்றார்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வராது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை மறந்தது என் பிழை. ஞாயிறு காலை மண்டபத்துப் பதிவேட்டில் ஆறு பேரின் பெயரையும் முன்கூட்டியே எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றேகாலுக்கு அந்த ஆறு பேரில் ஒருத்தியான கமலா போன் எடுத்தாள்.

"அக்கா, மகளை டான்ஸ் வகுப்புக்குக் கொண்டுபோக வேணும். நீங்கள் பாத்துக்கொண்டிராமல் தொடங்குங்கோ."

ஆறு பெயர்

தொடங்கினேன். தனியே எறிந்து, தனியே ஓடிப்போய் எடுத்து, திரும்ப எறிந்தேன். அடுத்த ஞாயிறும் அதே பெயர்களை எழுதினேன். அதற்கு அடுத்ததும். பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். வெறும் பக்கத்தில் என் பெயரை மட்டும் எழுதக் கை வரவில்லை.

அபியிடம் சொன்னேன். நான் தமிழில் கதைக்க அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். பட்மின்டனில் சேரலாமே, அங்கே ஆட்கள் இருக்கிறார்களே என்றாள். அவள் சொன்னது சரிதான். அதனால்தான் கூடுதலாக நொந்தது.

மண்டபப் பொறுப்பாளர் எரிக், ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் அதிகம். மூன்றாவது ஞாயிறு பதிவேட்டைப் பார்த்தார், வெறும் மண்டபத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த ஆறு பேரும் நல்ல அமைதியாக விளையாடுகிறார்கள்."

கடைசி ஞாயிறு

வெட்கமாய்ப் போய்விட்டது. நாலாவது ஞாயிறு பதிவேட்டில் வாசுகி என்று மட்டும் எழுதினேன். மண்டபத்துக்கு விடைசொல்லத்தான் வந்தேன். எறிந்த மூன்றாவது பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே இறுகிவிட்டது. எரிக் ஏணி கொண்டுவந்து ஏறினார். கீழே நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கூடைக் கதையையும் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பந்தோடு இறங்கி, பதிவேட்டு மேசைக்குப் போய், என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். பிறகு களத்தில் வந்து நின்றார். முழங்கால் பழுது, ஓட முடியாது என்றார். இந்த விளையாட்டில் பந்தோடு ஓடத் தேவையில்லை, நின்று எறிந்தால் போதும் என்றேன். பட்மின்டன்காரர் கேட்டால் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டதற்கு, பந்தை இரண்டு கையாலும் பிடித்தபடி யோசித்தார்.

"ஒருவருக்குத்தான் மண்டபம் இல்லை. இரண்டு பேருக்கு இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை."

இருபத்தாறு வருஷம் மிஞ்சின பிள்ளைகளுக்கெல்லாம் சோடி சேர்ந்த ரீச்சருக்கு, ஒரு சோடி கிடைக்க, ஏணியில் இருந்து ஆள் இறங்கிவர வேண்டியிருந்தது.