முப்பது வெள்ளைச் சட்டைகள்

சிவநேசத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். குடியேறிவந்த பனிநாட்டு நகரத்தில், வில்லரேப் பகுதியில் நாடக உடுப்புத் தைக்கும் அந்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாக, ஒரு பொத்தான் பிசகினாலும் முதலாளியம்மாவிடமே நேரே போய்ச் சண்டை பிடிக்கிற மனுசி. அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் வாயே திறக்காமல் இருந்தார். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

போன வசந்தத்தில் சென்-டெனி ஊரிலிருந்து பெரிய வேலை வந்தது. 1837இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அந்நாட்டில் பிரெஞ்சு பேசும் குடியானவர்கள் எழுந்தபோது முதல் சண்டை அங்கேதான் நடந்தது. அதை அந்த ஊரிலேயே நடித்துக்காட்டப் போகிறார்களாம். பட்டாளத்துக்குச் சிவப்புக் கோட்டு, குடியானவர்களுக்கு வெள்ளைச் சட்டை. முதல் சண்டையில் வென்றவர்கள் இரண்டே நாளில் அடுத்ததில் தோற்றார்கள், பிறகு பட்டாளம் திரும்பி வந்து வீடுகளைக் கொளுத்தியது என்று முதலாளியம்மா சொன்னபோது, யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த சிவநேசத்துக்குத் தன் ஊர்தான் நினைவில் வந்தது. புது உடுப்பை மஞ்சள் வைக்காமல் போடுவதில்லை என்பது அவர் வீட்டு வழக்கம். முப்பது வெள்ளைச் சட்டைக்கும் கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் ஈர மஞ்சள் தொட்டு வைத்தார். சிவப்புக் கோட்டுகளுக்கு வைக்கவில்லை. அவங்கள் எக்கேடு கெட்டால் இவருக்கென்ன!

நீராவி இஸ்திரி பட்டதும் மஞ்சள் ஊறிக் கழுத்தெல்லாம் பரவிவிட்டது. இஸ்திரி போட்டவள் ரக்ஷனா, படித்துக்கொண்டே பகுதிநேரம் வேலை பார்த்த சென்னைப் பெண். சாப்பிட்ட கையைக் கழுவாமல் தொட்டிருக்கிறாள் என்று முதலாளியம்மா முடிவுகட்டி, அன்றே அவளை நிறுத்திவிட்டார். சிவநேசம் தையல் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை. இதென்ன மூடப்பழக்கம் என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். இத்தனை வருடம் எடுத்த நல்ல பேர் போய்விடுமே என்ற பயம். கழுத்துப்பட்டி முப்பதையும் அவரே மாற்றித் தைத்தார்.

விழா நாளில் கடையில் வேலை செய்பவர்கள் எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். பீரங்கி புகைந்தது. கவைக்கோலும் பழைய துவக்குமாக நின்ற குடியானவர்கள் ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் பட்டாளம்தான் பின்வாங்கியது. சனம் எழும்பிக் கைதட்ட, சிவநேசத்தால் அந்த வெள்ளைக் கழுத்துப்பட்டிகளைப் பார்க்க முடியவில்லை. ஒரு சொல் சொல்லப் பயந்த நானா இவர்களுக்குக் காப்பாக மஞ்சள் வைத்தேன், சீ என்று இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிடைத்த ஏச்சை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணைத் திரும்ப எடுக்கும்படி கேட்டு, சம்மதமும் வாங்கினார். மறுநாள் ரக்ஷனாவுக்குப் போன் போட்டார்.

"பிள்ளை, அந்த மஞ்சள் நான் வைச்சது. மன்னிச்சுக்கொள். வேலைக்குத் திரும்பி வாறியோ?"

"தெரியும் ஆன்ட்டி. நீங்க வைக்கும்போதே பாத்தேன்," என்றாள் ரக்ஷனா. "நீங்களே சொல்லிடுவீங்கன்னு, அன்னைக்கு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன்."