நீட்டிய கை

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்ட்டும் உறுதிமொழியோடுதான் தொடங்கும். மேனேஜர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். நாங்கள் வலது கையை நீட்டித் திருப்பிச் சொல்வோம். லைனுக்குப் போவதற்குள் மறந்தும்விடுவோம்.

சுற்றுச்சூழல் தினத்தன்று ஷிப்ட் தொடங்கும்போது மேனேஜர் நிற்கும் அதே இடத்தில் பேச, பக்கத்து ஊரான வடக்குப்பட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை அழைத்திருந்தார்கள். மரம் நடச் சொல்லுவாள் என்று நம்பியிருப்பார்கள், பாவம். அவள் மைக்கைப் பிடித்து, "எங்க ஏரியைக் கெடுத்தது நீங்கதான்" என்று சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினாள். நிறுத்தினால் போதாதா எங்களுக்கு? ஷிப்ட் மொத்தமும் கையை நீட்டி, "எங்க ஏரியைக் கெடுத்தது நீங்கதான்" என்றது. மேனேஜர் குரல்தான் எல்லாவற்றிலும் கணீரென்று இருந்தது.

அவள் திகைத்துப்போய், "உங்களைத்தான் சொல்றேன்" என்றாள். அதையும் பக்தியோடு சொன்னோம்.

பக்கத்தில் நின்ற வெல்டர், "இன்னாப்பா, இந்த வருசம் உறுதிமொழி கொஞ்சம் காரமா கீது" என்றார்.

கடைசியில் அவளே இறங்கிவந்து, "சரி, இனிமே கழிவுத் தண்ணிய ஏரியில வுட மாட்டோம்னு சொல்லுங்க" என்றாள்.

அந்த வரிக்கு மட்டும் எல்லோருக்கும் சட்டென்று அர்த்தம் புரிந்துவிட்டது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் மேனேஜரைப் பார்த்தோம். முதலில் இறங்கியது என் கைதான்.