வெள்ளிக்கிழமை மீன்

ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த வருடம் எனக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. இடம் வந்தால் அறிவிக்கிறோம் என்று கவுன்சிலில் சொன்னார்கள். இலையுதிர்காலம் போனது, குளிர் போனது, மரங்கள் துளிர்த்தன. இடம் வரவில்லை. லண்டனின் தென்கோடியில், சட்டன் என்ற இடத்தில், ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். அம்மா பகலில் துப்புரவு வேலைக்குப் போவார், அப்பா இரவு ஷிப்டுக்குப் போவார். பகலில் அப்பா தூங்கும்போது சத்தம் போடாமல் இருப்பதுதான் என் வேலை. தொலைக்காட்சியின் ஒலியை ஆகக் குறைத்து வைத்துக்கொண்டு உதட்டசைவைப் பார்த்தே ஆங்கிலம் படித்தேன். பிறகு நான் போய்வந்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

காலையில் ஒரு மீன்பிடி நிகழ்ச்சி போகும். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீனைப் பிடித்து, அதோடு சிறிது நேரம் கதைத்துவிட்டுத் திரும்ப விடுவார். அந்த நாற்காலியும் தண்ணீரும் வெளிச்சமும் எனக்கு வேண்டியிருந்தன. மாதக்கணக்கில் நான் சட்டனைத் தாண்டவில்லை.

ஒரு நாள் அப்பா நேரத்தோடு விழித்து, என் பக்கத்தில் வந்திருந்து முழு நிகழ்ச்சியையும் பார்த்தார். முடிந்ததும், "நாங்களும் போவமோ?" என்றார். நான் துள்ளி எழும்பினேன். "இரு, இரு. மாமாக்கள் ரெண்டு பேரும் வரவேணும். ஒருத்தர் குறைஞ்சாலும் பயணம் இல்லை. நீயே கேட்டு ஒழுங்குபடுத்து. சரிவந்தா முன் சீட் உனக்கு."

அந்த மாமாக்கள் இருவரும் எங்களுக்குச் சொந்தமில்லை. ஜெர்மனியில் அகதி முகாமில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல குளிர்க்கோட்டு இருந்ததாம். யாருக்கு விசாரணையோ அன்றைக்கு அவர் போடுவார், மற்ற இருவரும் அறையிலேயே இருப்பார்கள். பெரியமாமா தோர்ண்டன் ஹீத்தில் கடை வைத்திருந்தார். சின்னமாமா ரெய்னர்ஸ் லேனில் இருந்து ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலைக்குப் போய்வந்தார். லண்டனில் அப்பாவுக்கு இருந்தது இந்த இரண்டு பேர்தான். அவர்களோ ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை.

காரணம் ஒரு கார்ட். சின்னமாமா தன் மகள் பெரியபிள்ளையானதற்கு மணவறை கட்டிச் சாமத்தியவீடு வைத்தபோது, அழைப்பை அவர் நேரில் கொண்டுபோகவில்லை. எங்கள் ஆட்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, கையில் கொடுத்து, "கட்டாயம் வந்து நடத்தித் தரவேணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. சின்னமாமாவுக்கு அந்த மாதம் இரட்டை ஷிப்ட். ரெய்னர்ஸ் லேனிலிருந்து தோர்ண்டன் ஹீத் என்பது லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை. அவர் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டார். பெரியமாமா விழாவுக்குப் போகவில்லை. வாழ்த்தையும் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டார். அதன் பிறகு ஒருவர் வீட்டில் மற்றவர் பெயரை எடுக்க அப்பாவுக்கே பயம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் கதைக்காமல் இருப்பது அவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன். எனக்கு மீன் பிடிக்கப் போகவேண்டும், முன் சீட்டில் இருக்கவேண்டும்.

முதலில் பெரியமாமாவுக்குப் போன் அடித்தேன். "அவனும் வாறானோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "கடையை ஆர் பிள்ளை பார்க்கிறது? ஏலாது" என்றார். சின்னமாமா, "அவர் வாறாரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எனக்குச் சனி ஞாயிறு ஷிப்ட், பிள்ளை. எங்கை லீவு?" என்றார்.

நான் இரண்டு பதிலையும் கணக்குப்போல எடுத்துக்கொண்டேன். ஒரு கணக்குக்கு விடை இருக்கும். இரண்டு வீட்டு மாமிமாருக்கும் தனித்தனியாக அடித்தேன். பெரியமாமி, ஈஸ்டர் லீவில் தன் தம்பி வந்து கடையில் நிற்பான் என்றார். சின்னமாமி குரலைத் தாழ்த்தி, "பெரிய வெள்ளிக்கு அவருக்கு லீவுதான். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை" என்றார். பெரிய வெள்ளி என்று முடிவாகியது.

இடம் பார்க்கவேண்டியிருந்தது. லண்டனுக்கு வெளியே கென்ற் பக்கத்தில் ஒரு ஆற்றைத் தேர்ந்து, அங்குள்ள தூண்டில் கடைக்காரருக்குப் போன் எடுத்து, என் தொலைக்காட்சி ஆங்கிலத்தில் கேட்டேன். மீன் முட்டையிடும் காலம், ஆறெல்லாம் ஜூன் நடுப்பகுதிவரை பூட்டு என்று அவர் சொன்னார். ஆற்றைப் பூட்டுவார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. இதைச் சொன்னதும் இரண்டு மாமாமாரும், தனித்தனித் தொலைபேசியில், ஒரேமாதிரிச் சந்தோசப்பட்டார்கள். "பார்த்தியே, நான் அப்பவே சொன்னனான். உது சரிவராது" என்றார் பெரியமாமா. அவர் எதையும் அப்போது சொல்லியிருக்கவில்லை.

திரும்பவும் அதே கடைக்காரருக்கு எடுத்தேன். குளங்கள் திறந்திருக்கின்றன என்றார். அவருடைய மைத்துனரே ஒரு குளம் வைத்திருந்தார். ஒரு நிபந்தனை மட்டும்: பிடிக்கிற மீனை உயிரோடு திரும்ப விடவேண்டும். எனக்குச் சப்பென்று போய்விட்டது. அம்மா ஏற்கெனவே மீன்குழம்புக்கு மிளகாய்த்தூள் எடுத்து வைத்திருந்தார்.

ஆனால் பெரியமாமாவுக்குக் குளத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கடைசித் துருப்பை இறக்கினார். "சிவ சிவா! வெள்ளிக்கிழமை மீனோ? அண்டைக்கு நான் கடையிலை மீன்பெட்டிப் பக்கமே போறேல்லை. விரதமெல்லோ!"

"மாமா, மீனைத் தின்னத் தேவையில்லை. திரும்ப விடவேணுமாம்."

"பிடிச்ச மீனைத் திரும்ப விடுறதோ? ஆர் சொன்னது?"

"குளத்துக்காரர்."

"அப்ப என்னத்துக்குப் பிள்ளை பிடிக்கிறது?"

"பிடிக்கிறதுக்குத்தான்."

அவருக்கு அது அடுப்பில்லாமல் சமைக்கச் சொன்னதுபோல இருந்திருக்கும். கடைசியில், "இது ஐயரைக் கேட்காமல் ஏலாது" என்றார். அவர் கேட்பதற்கு முன்பே நான் அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். ஐயர் இரண்டு தரம் கேட்டு விளங்கிக்கொண்டு, கொலை இல்லையென்றால் விரதம் முறியாது, ஆனால் வீட்டுக்கு வந்து முழுகிவிட்டுத்தான் விளக்கேற்றவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். குழம்பை இல்லாமல் செய்த அந்த நிபந்தனைதான் வெள்ளிக்கிழமையைத் திறந்து விட்டது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு பல அலுவலகங்களில் பல வாசல்களைத் தட்டியிருக்கிறேன். அவ்வளவு சுத்தமான வெற்றி கிடைத்ததில்லை.

இருவரும் சேர்ந்து ஒரு கடைசி முயற்சி செய்தார்கள், சேர்ந்து என்று அவர்களுக்கே தெரியாமல். பின் சீட்டில் இருந்தால் தனக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்று பெரியமாமா சொன்னார். அரைமணி கழித்துச் சின்னமாமாவும் அதையே சொன்னார். முன் சீட் என்னுடையது. விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை. இருவருக்கும் இரண்டு ஷொப்பிங் பையும் மோந்து பார்க்கத் தேசிக்காயும் தருகிறேன் என்றேன். அப்பா குளியலறைக்குள் போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது.

பெரிய வெள்ளியன்று காலை அப்பாவின் காரில் ரெய்னர்ஸ் லேனுக்குப் போய்ச் சின்னமாமாவை ஏற்றி, பிறகு தோர்ண்டன் ஹீத்தில் பெரியமாமாவை ஏற்றினோம். பெரியமாமா விபூதி பூசி, கடைக்குப் போகிற சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். ஏறியதும் என் கையிலிருந்த தூண்டில் தடிகளை வாங்கி இரண்டு பேருக்கும் நடுவே வரம்பு கட்டியதுபோல வைத்தார். கென்ற் வரைக்கும் ஒருவர் இடது யன்னலையும் மற்றவர் வலது யன்னலையும் பார்த்தார்கள். அப்பா வானிலையைப் பற்றிக் கதைத்தார். சரிவந்துவிட்டது என்று நான் முன் சீட்டில் கால் நீட்டி இருந்தேன்.

குளக்கரையில் அடுத்த சிக்கல். வழியில் தூண்டில் கடைக்காரர் தந்த டப்பாவைத் திறந்தால் உள்ளே புழு நெளிந்தது. பெரியமாமா பின்வாங்கினார். "உதுவும் உயிர்தானே? ஐயரிட்டை புழுவைப் பற்றிக் கேட்டனீங்களோ?" என்று அப்பாவைக் கேட்டார். யாரும் கேட்கவில்லை. பயணமே அந்த டப்பாவுக்குள் போய்விடும் என்று பயந்து, அம்மா தந்துவிட்ட சாப்பாட்டுப் பையைக் கிளறினேன். சைவச் சாப்பாடு: இடியப்பம், சம்பல், ஒரு டப்பா நிறையக் கடலை. தேங்காய்ச்சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை. ஒன்றை எடுத்துத் தூண்டில் ஊசியில் குத்தினேன்.

பக்கத்தில் தொப்பியும் நாற்காலியுமாக இருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலையிலிருந்து தங்களுக்கு ஒன்றும் கடிக்கவில்லை என்றார்கள். தாளித்த வாசத்தை மோந்து பார்த்துத் தலையாட்டினார்கள்.

மதியம்போலச் சின்னமாமாவின் தடி வில்லாக வளைந்தது. அவர் எழும்பினார், சறுக்கினார், முழங்காலில் நின்றார். நூல் குளத்தின் நடுவுக்கு ஓடியது. கைவலை பெரியமாமாவின் காலடியில் கிடந்தது. அப்பா எங்களிடமிருந்து தள்ளி நின்றார், அசையவில்லை. நான் வலையை எடுக்க ஓடினேன். அதற்குள் பெரியமாமா அதைத் தூக்கிக்கொண்டு, புதுச் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"இழுக்காதையடா! நூலை விடு!"

"விட்டாப் போயிடும்!"

"போகாது, விடடா விசரா! இப்ப இழு! இப்ப!"

"நீங்கள் வலையைச் சரியாப் பிடியுங்கோ அண்ணை, அந்தப் பக்கம்!"

மீன் வந்தது. கார்ப் என்று அவர்கள் சொல்லும் கெண்டை, பொன்னிறத்தில், ஒரு கைக்குழந்தையின் பாரம். சின்னமாமா தலையையும் பெரியமாமா வாலையும் பிடித்து, குளத்துக்காரர் தந்த ஈரப்பாயில் கிடத்தினார்கள். வெள்ளைக்காரர்கள் இருவரும் எழும்பி வந்து கை தட்டினார்கள். ஒருவர் எங்கள் எல்லோரையும் மீனோடு சேர்த்துப் படம் எடுத்துவிட்டு, கொஞ்சம் கடலை தரமுடியுமா என்று கேட்டார். நான் பெருமையோடு டப்பாவை நீட்டினேன். பெரியமாமா மீனைத் தண்ணீரில் இறக்கி, அது மூச்செடுக்கும்வரை பிடித்திருந்து, "போ அம்மா, போ" என்று விட்டார். ஒழுங்குபடுத்தியது நான். இடமும் நாளும் இரையும் என்னுடையவை. உலகத்தில் எனக்குச் செய்ய ஏலாதது ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில்தான் எல்லாம் கெட்டது.

ஈரத் தடிகள் டிக்கிக்குள் போய்விட்டதால் நடுவில் ஒன்றும் இல்லை. கொஞ்சத் தூரம் மீனின் நிறையைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு பெரியமாமா, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனடா அந்தக் கார்ட்டைத் தபாலிலை போட்டனி?" என்றார்.

"அண்ணை, ரெண்டு ஷிப்ட் அடிச்சனான். நித்திரையில்லை. உங்களுக்குத் தெரியாதே?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? சொன்னியே? ஒரு போன் எடுத்தியே? ஒரு குளிர்க்கோட்டை மாறிமாறிப் போட்டுத் திரிஞ்ச எனக்கு முத்திரையோ?"

"நீங்கள் வரேல்லையெண்டு என்ரை பிள்ளை மணவறையிலை இருந்து அழுதது. அது தெரியுமோ உங்களுக்கு?"

இருவரும் கத்தினார்கள். மாறிமாறி, பிறகு ஒரே நேரத்தில். நான் கூனிக்குறுகி முன் சீட்டில் இருந்தேன். காரை நிறுத்தி ஒருவரை இறக்கிவிடவேண்டும் என்று தோன்றியது. எவ்வளவு கவனமாகச் செய்த வேலை! ஒரு நாள், ஒரே ஒரு நாள் சண்டையில்லாமல் இருக்க இவர்களுக்கு ஏலாதா?

பெரியமாமா வீட்டுக்குப் போக, குரொய்டன் பக்கம் திரும்பவேண்டிய பாதை வந்தது. அப்பா திரும்பவில்லை.

"அப்பா, விட்டிட்டீங்கள்!"

"அடுத்ததிலை எடுப்பம்."

அடுத்ததும் வந்தது. அதையும் தாண்டினார். வழிகாட்டும் இயந்திரத்தின் பெண்குரல் திரும்பச் சொல்லிச் சொல்லிக் களைத்தது. அவர் கை நீட்டி அதை நிறுத்தினார். பின்னால் சத்தம் இன்னும் கூடியது. இப்போது பெரியமாமாவின் குரலில் அழுகையும் இருந்தது. நான் திரும்பி, வாயை மூடுங்கோ என்று சொல்லப் போனேன். அப்பா என் முழங்காலில் கையை வைத்து, "கதைக்கட்டும் விடு" என்றார், என்னை ஒருபோதும் அதட்டாதவர், அதட்டுகிறமாதிரி.

அவர் முகத்தைப் பார்த்தேன். மெதுவான ஓரப்பாதையில் லொறிகளுக்குப் பின்னால் காரை விட்டுக்கொண்டு, லண்டனைச் சுற்றிக்கொண்டே போகும் அந்த வீதியில், பிழையான திசையில், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். பெற்றோலும் வீண், நாளும் வீண், பின்னால் இரண்டு பேர் அடிபடாத குறை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.