அக்கா கேட்ட சம்மதம்

இன்று அக்காவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம். எழுதத் தெரிந்தவன் என்று நினைவுமலரின் இந்த நன்றிப் பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். அக்கா இருந்திருந்தால், "சுருக்கமா எழுது, சனம் சாப்பிடப் போகவேணும்" என்றிருப்பார்.

வட்டுக்கோட்டையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா இறந்தபின், தம்பிமார் எங்கள் மூவரையும் படிக்கவைப்பதற்காகத் தன் படிப்பை விட்டார். கனடா வந்து, ஒரே மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது அத்தானையும் இழந்தார். தொழிற்சாலை வேலையில் கை நொந்துபோக, நூதனசாலை ஒன்றில் சேர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயோர்க்கிலிருந்து வந்த குடும்பமொன்று வாழ்ந்து, பிறகு சனம் பார்க்கவெனத் திறந்துவிட்ட பழைய வீடு அது. அந்தக் காலத்து நீளப் பாவாடையோடு நின்று, அவர்களுடைய கொண்டாட்டங்களை விளக்குவதுதான் அக்காவின் வேலை. புதுவருடத்தன்று ஆண்கள் வீடுவீடாகப் போய் வாழ்த்துவார்களாம். பெண்கள் பலகாரத்தோடு வீட்டிலேயே காத்திருப்பார்களாம். பள்ளிப் பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்பதைச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வீட்டுப் பொங்கலும் அப்படித்தான் நடந்தது. நாங்கள் இருந்து அரசியல் பேசுவோம். அக்கா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, குசினிக்குள் நின்றபடியே சாப்பிடுவார். "இருங்கோ அக்கா" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வைத்தியசாலையில், கடைசி வாரம், என்னிடம் ஒன்று கேட்டார்.

"தம்பி, எனக்கு மகள்தான் கொள்ளி வைக்கவேணும். நீ ஓம் எண்டால் மற்றவை ஒண்டும் சொல்லமாட்டினம்."

"உதென்ன கதை அக்கா? பொம்பிளைப்பிள்ளை கொள்ளி வைக்கிறதோ? நான் இருக்கிறன்தானே."

"அந்தப் பழைய வீட்டில நான் சம்பளத்துக்குத்தானடா நிண்டனான். நீ அதுக்குள்ளேயே குடியிருக்கிறாய்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். இரண்டாம் நாள் காலை அக்கா போய்விட்டார்.

இங்கே கொள்ளி என்பது தகன மண்டபத்தில் ஒரு பொத்தானை அமத்துவதுதான். ஐயர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் விலகி, அக்காவின் மகளை, என் மருமகளை, முன்னே விட்டேன். துணைக்கு நான் நீட்டிய கையை விலக்கிவிட்டுத் தானே அமத்தினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியரை, துக்கவீட்டுக்கு எட்டு நாளும் சமைத்து அனுப்பிய அஜின்கோர்ட் அயலவரை, நூதனசாலையிலிருந்து வேலை உடுப்போடே ஓடிவந்து அழுத தோழியரை நாங்கள் மறக்கமாட்டோம்.

மருமகளே, உனக்கும் நன்றி. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும், "மாமா, நீங்க ஓகே சொன்னது அம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். நான் காரை எடுக்கப் போய்விட்டேன்.

தெரியாது, பிள்ளை. நான் அவரிடம் சொல்லவில்லை.