ஆம்புலன்சுக்குப் பாஸ் எழுதிய உஷாராணி

புதுச்சேரியில் உள்ள எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஆம்புலன்ஸ் வண்டி வெளியே புங்கமரத்தடியில் நிற்கும். அதை ஓட்டுகிற கோப்பு உள்ளே உஷாராணியின் மேசைமேல் இருக்கும். வண்டி பழுதானால் ஒருநாள் பொறுத்துக்கொள்வார்கள். கோப்பு காணவில்லை என்றால் அலுவலகமே எழுந்து நின்றுவிடும்.

உஷாராணிக்கு வயது நாற்பத்தேழு. வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அப்பா இதே அலுவலகத்தில் குடிநீர்த் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பணியிலேயே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் இருபத்திரண்டாவது வயதில் இவருக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டுவரி, நாய் உரிமம், தெருவிளக்கு என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. நான்கு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் கொம்யூனுக்கு ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தபோது, கண்காணிப்பாளர் தணிகைவேல் ரொம்ப யோசிக்கவில்லை. தெருவிளக்கும் அவசரம், இதுவும் அவசரம் என்று இரண்டையும் உஷாராணியின் மேசையிலேயே சேர்த்துவிட்டார்.

உஷாராணி அந்த வேலையை நன்றாகவே செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் எப்போது தீரும், எந்த ஊரில் யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தத் தெருவில் வண்டி திரும்பாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவசர எண்ணுக்கு அடித்தால் எல்லையோரத்து ஊர்களில் சிலசமயம் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். அவர்கள் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா என்று விசாரித்து முடிப்பதற்குள் உஷாராணி வண்டியை அனுப்பியிருப்பார். அதனால் ஜனங்கள் நேராக அவருக்கே அடிக்கப் பழகினார்கள்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததைத் தணிக்கைக்காரர்கள் வந்து கண்டுபிடித்தார்கள்.

புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை என்பது இங்கே வசிக்கிறவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் ஒரு நிறுத்தம் நம்முடையது, அடுத்தது தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடி நம்முடையது. எங்கள் கொம்யூனில் இருக்கிற சித்தாமேட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எட்டு கிலோமீட்டர். நடுவில் இரண்டரை கிலோமீட்டர் தமிழ்நாடு. அதைத் தொடாமல் போக வேண்டுமென்றால் வாய்க்கால் கரையோரம் இருபத்தொரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். "வண்டி நூற்றுப் பதினான்கு முறை வெளிமாநிலம் சென்றுள்ளது" என்று தணிக்கைக் குறிப்பு வந்தது. வெளிமாநிலம் என்றதும் அவர்களுக்குத் திருப்பதி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கொம்யூன் ஆணையர் பயந்துபோனார். எல்லைச் சாவடியில் புதுச்சேரி வண்டி என்றாலே உள்ளே பாட்டில் இருக்கும் என்று பார்ப்பார்கள், அதற்கும் சேர்த்து ஒரு காகிதம் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அப்படிப் பிறந்ததுதான் எல்லை தாண்டும் பாஸ். நோயாளியின் பெயர், வயது, நோய், தேதி, கீழே ஆணையரின் கையெழுத்து, அதன்மேல் வட்டமுத்திரை. பாஸ் இல்லையென்றால் வாய்க்கால் கரை. நோய் வருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆனால் நடைமுறை அப்படித்தான் ஆயிற்று.

உஷாராணி அதையும் சிரத்தையாகவே செய்தார். பிரசவங்கள் சுலபம், டாக்டரே தேதி கொடுத்துவிடுகிறார். ஐந்து நாள் செல்லுபடியாகும்படி முன்கூட்டியே தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கி வைத்துவிடுவார். குழந்தைகள்தான் ஒத்துழைக்கவில்லை, ஆறாம் நாள் பிறந்தன. ஆணையர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து நெஞ்சுவலி வந்தவர்கள் வாய்க்கால் கரையில் குலுங்கிக்கொண்டே போனார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கரையில் யாரும் சாகவில்லை. அதைத் திட்டத்தின் வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். தட்டச்சு செய்தது உஷாராணி.

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. சித்தாமேட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பவுனம்மாள் பேசினாள்.

"ஆம்புலன்ஸ் அம்மாவா? எங்கூட வெட்டிகினு இருந்த கலியம்மாள பாம்பு கடிச்சிடுச்சும்மா. கண்ணாடி விரியன். அடிச்சிப் போட்டுட்டோம்."

"கடிச்சி எவ்ளோ நேரம் ஆவுது?"

"பத்து நிமிசம் இருக்கும். காலு வீங்கிகினே வருது."

"கயிறு கியிறு கட்டாதீங்க. நடக்க வைக்காதீங்க. அப்படியே படுக்க வையுங்க. வண்டி வருது."

ஓட்டுநர் பாக்யராஜும் செவிலியர் ஸ்டெல்லாவும் வண்டியில் ஏறிப் பாஸுக்குக் காத்திருந்தார்கள். அலுவலகத்திலிருந்து சித்தாமேடு மூன்று கிலோமீட்டர்தான். பிரச்சினை அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதில் இருந்தது. ஆணையர் அன்று புதுச்சேரி நகரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவசர மருத்துவ சேவைகளில் தாமதத்தைக் குறைப்பது குறித்த கூட்டம். போனை அணைத்து வைத்திருந்தார்.

உஷாராணி தணிகைவேலிடம் போனார்.

"கையெழுத்து இல்லாம எப்படிம்மா? வாய்க்கா ரோட்லயே போவச் சொல்லு. ரூல் படி போனா நம்மள ஒருத்தரும் கேக்க முடியாது."

"அதுக்குள்ள அந்தம்மா போயிட்டா, சார்?"

"அதுக்குப் பாம்புதானம்மா பொறுப்பு."

அவர் கொடுமைக்காரர் இல்லை. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது, அவ்வளவுதான்.

உஷாராணி மேசைக்குத் திரும்பி இழுப்பறையைத் திறந்தார். முன்கூட்டியே எழுதி வைத்த பாஸ் ஒன்று இருந்தது: சித்தாமேடு இளவரசி, வயது இருபத்துநான்கு, பிரசவம், வெள்ளிக்கிழமை வரை செல்லும். கையெழுத்தும் முத்திரையும் கச்சிதமாக இருந்தன. அதை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார். இருபத்தைந்து வருடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

பாக்யராஜ் படித்துப் பார்த்தான்.

"இன்னாக்கா, டெலிவரி கேசுன்னு போட்டுகீது?"

"எல்லை வரைக்கும் டெலிவரி கேசு. அதத் தாண்டிட்டா பாம்பு."

"கலியம்மாளுக்கு அறுவது ஆவப்போவுது. எப்படிக்கா இருவத்திநாலு?"

"ஸ்டெல்லாவ நல்லா போத்தி வுடச் சொல்லு. கெளம்புடா."

அவர் யாரையும் அதுவரை டா போட்டுக் கூப்பிட்டதில்லை. அதனாலேயே பாக்யராஜ் கிளம்பிவிட்டான்.

வழியெல்லாம் போன் அழைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருந்தார். காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒருவர் நாய் உரிமம் கேட்டு நின்றார். அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். கலியம்மாளை ஏற்றினார்கள். ஸ்டெல்லா பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள், கலியம்மாளின் பதில் வரவரச் சின்னதாகியது. பிறகு வண்டி நின்றது.

அதுவரை பாக்யராஜ் சாவடியில் நிறுத்தியதே இல்லை. பாஸைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, சைரன் போட்டுப் போய்விடுவான். அன்றைக்குக் கையில் இருந்தது பொய்ப் பாஸ். பயத்தில் தானாகவே நிறுத்தி நீட்டினான்.

"இன்னாய்யா இது?" என்றது ஒரு போலீஸ் குரல்.

"பாஸு சார். பார்டர் தாண்டறதுக்கு."

"ஆம்புலன்சுக்கு எவன்யா பாஸ் கேட்டான்? உள்ள ஆள வச்சிகினு நின்னு பேப்பர் நீட்டிகினு கீற. போய்யா மொதல்ல."

வண்டி புறப்பட்டது. "கேட்டியாக்கா?" என்றான் பாக்யராஜ்.

எட்டு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இன்னும் அரைமணி தள்ளியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், ஆளும் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ஸ்டெல்லா போனில் சொன்னாள். உஷாராணி நாய் உரிமத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, வண்டிப் பதிவேட்டை எடுத்துப் பாஸ் கிடைக்காமல் வாய்க்கால் கரையில் போனவர்களை எண்ண ஆரம்பித்தார். முப்பத்தேழு பேர். யாருமே கேட்காத ஒரு காகிதத்துக்காக. எல்லாப் பதிவும் அவருடைய கையெழுத்தில், அழகான கையெழுத்தில்.

கலியம்மாள் ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். அதற்குள் பிறப்புப் பதிவு மேசை ஒரு முறைகேட்டைக் கண்டுபிடித்திருந்தது. புதன்கிழமை ஒரு பிரசவப் பயணம் இருக்கிறது, ஆனால் அதற்குரிய குழந்தை இல்லை. நிஜ இளவரசி சனிக்கிழமை, தன் அண்ணன் ஆட்டோவில் போய்ப் பெற்றிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் பிரசவ அனுமதியில் பயணித்தது எப்படி என்று விளக்கம் கேட்டு உஷாராணிக்கு மெமோ வந்தது.

ஆஸ்பத்திரிச் சான்றில் முத்திரை வாங்க அலுவலகம் வந்த கலியம்மாளுக்குப் பாக்யராஜ் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"ஏம்மா, எனக்கு ஆம்பளப் புள்ளயா, பொட்டப் புள்ளயா?" என்று உஷாராணியின் மேசைக்கு வந்து கேட்டாள். "எதுவா இருந்தாலும் எங்க வூட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். அவர் போயி ஆறு வருசமாவுது."

உஷாராணி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. கலியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

தணிகைவேல் ஒரு வழி சொன்னார். "'கவனக்குறைவால் நேர்ந்தது'ன்னு எழுதிடும்மா. அத்தோட ஃபைல மூடிடலாம்."

உஷாராணி எழுதினார்: "இது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. கவனத்துடன்தான் கொடுத்தேன்." முப்பத்தேழு பேரின் பெயர், நோய், கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம் எல்லாவற்றையும் இணைப்பாக வைத்தார். வாய்க்கால் கரைப் பயணங்களை இத்தனை நாள் பதிவு செய்ததற்குத் தானும் பொறுப்பு என்று கடைசி வரியில் சேர்த்து, கையெழுத்திட்டார்.

ஒரு மாதம் கழித்து ஆணையரிடமிருந்து உத்தரவு வந்தது. விளக்கம் ஆழமாகப் பரிசீலிக்கப்பட்டதாம். அதன் பயனாகப் பாஸ் படிவத்தில் 'பாம்புக்கடி' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. ஐந்நூறு படிவங்கள் அச்சடித்து வந்தன.

உஷாராணி கட்டைப் பிரிக்காமல் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு அவர் ஒரு பாஸ்கூட எழுதவில்லை. சித்தாமேட்டிலிருந்து போன் வந்தால் வண்டி எட்டு கிலோமீட்டர் போகிறது, பதிவேட்டில் எட்டு என்றே எழுதுகிறார். பாஸ் எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.