குவார்ட்ஸ் குடுவைக்கு ஒரு பொட்டு: மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை

போன வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய் வந்தேன். சுற்றிப்பார்க்க இல்லை. சூட்டில் உருகிய உப்புக்குள் மின்சாரம் செலுத்தி, அதே நேரம் ஒளியையும் பாய்ச்சிப் பார்ப்பது என் ஆய்வு. எவ்வளவு மின்சாரம் போனது என்று ஒரு கருவி சொல்லும். உள்ளே எது எதுவாக மாறியது என்பதை ஒளிதான் காட்டும். இரண்டும் சேர்ந்த ஒரு வரைபடம் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. உதவித்தொகை நின்றாயிற்று. உப்பை உருக்க இருந்த ஒரே குவார்ட்ஸ் கண்ணாடிக் குடுவையும் விரிசல் விட்டுவிட்டது. அடையாறில் தோழி லதாவின் ஆய்வகத்து உலை எனக்கு அந்த ஒரு நாள்தான், அதுவும் மாலை ஆறு மணி வரை.

ராத்திரி பஸ்ஸில் பொட்டுத் தூக்கம் இல்லை. தி.நகர் லாட்ஜில் குளித்துவிட்டு (அறுநூறு ரூபாய், வெந்நீர் வரும் என்பார்கள், நம்பாதீர்கள்) பத்து மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டறையில் புதுக் குடுவையை அட்டைப் பெட்டியில் வைத்து வாங்கினேன். அடையாறுக்கு ஆட்டோ இருநூறு ரூபாய், ஐந்து கிலோமீட்டர் இருக்கும்.

"இன்னா மேடம், கொயந்தை மாதிரி கட்டிப்புடிச்சிக்கினு வர்றீங்கோ?" என்றார் டிரைவர். சோர்வில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இது உடைந்தால் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு என்று. மந்தைவெளியில் காபிக்கு இறங்கியபோது, "வெச்சிட்டு போங்கோ, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

திரும்பி வந்தால் பெட்டி திறந்திருக்கிறது. குடுவையில், சரியாக ஒளி நுழைய வேண்டிய இடத்தில், ஒரு குங்குமப் பொட்டு.

"சாமி படத்துலேந்து எட்து வெச்சேன் மேடம். புதுசு இல்ல? எல்லாம் நல்லா நடக்கும்."

வெறும் விரல் பட்ட பிசுக்கே உலைச் சூட்டில் அழியாத வெள்ளைத் திட்டாகிவிடும், ஒளி போகாது. எனக்கு அழுகை வந்தது. திட்டத் தெம்பில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. "தேங்க்ஸ்ணா" என்றேன்.

"ஏண்டி, பூஜை போட்டுட்டே வந்துட்டியா?" என்று லதா சிரித்தாள். துடைத்தெடுத்த குங்குமத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை, நெற்றியில் இட்டுக்கொண்டேன். குடுவையை அமிலத்தில் கழுவி, உலர்த்தி, உப்பை நிரப்பி உருக்குவதற்குள் மணி நாலரை. டிரைவர் மேல், காபி மேல், என் மேல், எல்லார் மேலும் எரிச்சல். ஐந்தே முக்காலுக்குத்தான் அது நடந்தது. மின்சாரம் ஏற ஏற, திரை வரைபடத்தில் பச்சைக் குரோமிய உப்பின் மேடு தணிந்து, அது மாறிய நீல உப்பின் மேடு எழுந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

இதே வேலையாகப் போகிறவர்கள் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், உலர்த்த இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆட்டோக்காரரிடம் எதுவும் சொல்லாதீர்கள் என்றுதான் அடுத்து எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டேன். தாராளமாகச் சொல்லுங்கள். நமக்காக வேண்டிக்கொள்ள ஊரில் ஒருத்தர் இருக்கட்டும். கண்ணாடியை மட்டும் மடியிலிருந்து இறக்காதீர்கள்.