ஆடி கழியட்டும் என்றேன்

தம்பி விமானி என்று சொன்னால் கேட்பவர்கள் அடுத்து எந்தக் கம்பெனி என்பார்கள். அங்கே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். தி. நகர் புடவைக் கடையில் சேர்ந்தபோது ஒரே ஒரு தகுதிதான் கேட்டார்கள்: கடை மூடும்வரை உட்காராமல் நிற்க முடியுமா? இன்னும் நிற்கிறேன். ஒரு வேலைக்கு இவ்வளவு கேட்பார்கள் என்பதே தம்பியால்தான் தெரிந்தது. பன்னிரண்டாவதில் இயற்பியலும் கணக்கும், விமானி உரிமம், இத்தனை மணி நேரம் பறந்த பதிவு, அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி. அப்பா விட்டுப்போன ராயப்பேட்டை வீட்டை விற்று ஒவ்வொன்றாக முடித்தான். பயணிகள் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. சரக்கு விமானத்துக்குப் போகிறேன் என்றான்.

"மூட்டைங்க சண்டைக்கு வராதுக்கா. சாப்பாடு சரியில்லன்னு சொல்லாது."

விமானிகள் வருடா வருடம் கண், காது, ரத்தம், இதயம் எல்லாம் காட்டி மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடம் அவனுடைய சான்று ஆடி முதல் வாரத்தில் முடிந்தது. நான்தான் தடுத்தேன். அப்பாவுக்குப் பிரஷர் என்று ஓர் ஆடியில்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

"ஆடி கழியட்டும்டா. ஆவணி பொறந்ததும் போ."

"புதுசா இன்னாக்கா ஆரம்பிக்கறேன்? இருக்கறதத்தான புதுப்பிக்கறேன்."

"ஏதாவது கோளாறு கீதுன்னு எழுதிட்டா?"

"இருந்தா ஆவணில மட்டும் காணாம பூடுமா?"

அழுதேன். அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அழுதால் விட்டுக்கொடுப்பான் என்று எனக்குத் தெரியும். விட்டுக்கொடுத்தான்.

ஆடி பாதியில், அவன் காத்திருந்த சரக்கு விமானக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பிக்க ஆறே நாள். குறைந்தபட்சத் தகுதிகளை எனக்குப் படித்துக் காட்டினான். எல்லாம் இருந்தது. கடைசி வரியில் குரல் தேய்ந்தது: விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியாகும் மருத்துவச் சான்று.

மறுநாளே அடையாறில் விமானிகளைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் ஓடினான். உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சான்று டெல்லியிலிருந்து வரவேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். கம்பெனிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"டெஸ்ட் முடிஞ்சிடுச்சு மேடம். ஃபிட்டுன்னு சொல்லிட்டாங்க."

"மினிமம் இல்லன்னா ஃபார்மே உள்ள போகாது சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவனைவிடக் குறைந்த நேரம் பறந்த கூட்டாளி ஒருவன் அந்த வேலையில் சேர்ந்தான். தம்பி இப்போது பெருங்குடியில் ஓர் ஆபீசில் போன் எடுக்கிறான். இப்போதைய அறிவிப்புகளில் கடைசி ஓராண்டுக்குள் பறந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பறக்க வேலை வேண்டும், வேலைக்குப் பறந்திருக்க வேண்டும். இதை எழுதியவர்களுக்கு எத்தனை படிப்போ.

அதன்பின் அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்த வருடம் ஒரு சாயங்காலம் அவன் சட்டைக் கையை மடித்தபோது முழங்கை மடிப்பில் சின்ன பிளாஸ்திரி தெரிந்தது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சான்றைப் புதுப்பிக்கப் போய் வந்திருக்கிறான். எந்தத் தேதி, என்ன கிழமை, எதுவும் என்னிடம் சொல்லவில்லை.

நான் பார்த்ததைக் கவனித்தவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.